பிழைத்துக்கொண்டவருக்கு ஒரு மாலை

ஒரு வீட்டில் பெண் எடுக்கப் போகிறவர்கள் எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். பெண்ணின் படிப்பு, நட்சத்திரம், குலதெய்வம், பக்கத்து வீட்டோடு தகராறு உண்டா என்பது வரைக்கும். அந்த வீட்டுக்கு எந்த நடிகர் என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. என் வீட்டார் என் மாமனாரின் சர்க்கரை அளவைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். (மருந்துக்கடை வைத்திருப்பவனின் குடும்பம், வேறு எதைக் கேட்பார்கள்.) இதைக் கேட்கவில்லை.

பெண் பார்க்க ஆரணிக்குப் போன அன்று, காராபூந்தித் தட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாமனார் ஏகாம்பரம் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சினிமாலாம் பாப்பீங்களா?"

"பாப்பேங்க."

"யாரு புடிக்கும்?"

இந்த இடத்தில் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். யார் மனதும் புண்படாத பதிலாகச் சொன்னேன்.

"எல்லாரையும் புடிக்குங்க."

பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்த தறிச் சத்தம் அந்த நேரம் பார்த்து நின்றது. ஏதாவது இழை அறுந்திருக்கும். ஆனால் எனக்கு வீடே மூச்சை நிறுத்திய மாதிரி இருந்தது. மாமனார் ஒரு பூந்தியை எடுத்து, பார்த்துவிட்டு, திரும்பவும் தட்டிலேயே வைத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி தேன்மொழிதான் இதற்குப் பொழிப்புரை சொன்னாள்.

"எதிராளி பேர சொல்லியிருந்தாகூட எங்கப்பா மதிச்சிருப்பாரு. ஆளுக்கு ஒரு கொள்கை கீதுன்னு விட்டிருப்பாரு. எல்லாரையும் புடிக்கும்னா இன்னாங்க அர்த்தம்? எந்தக் கட்சி கூட்டத்துல பிரியாணி போட்டாலும் போய் குந்திக்குவேன்னு அர்த்தம்."

அந்த வீட்டில் ஒரு நடிகர் இருந்தார். பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. 'அவரு' என்பார்கள், அவ்வளவுதான். "அவரு நடந்து வந்தாருன்னா", "அவரு மாதிரி அழ யாரால முடியும்". புதிதாக வந்தவன் என்பதால் முதல் ஒரு வாரம் 'அவரு' என்பவர் என் மனைவியின் பெரியப்பா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எப்போது ஊரிலிருந்து வருவார் என்றுகூட ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

மாமனார் இளவயதில் அவருடைய ரசிகர் மன்றத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். அவருடைய லாரி டிரைவர் படம் வந்த சமயத்தில், முந்தானை முழுக்க அவர் முகத்தை வைத்து ஒரு பட்டுச் சேலை நெய்தார். நெசவில் உருவம் விழவைக்கும் தறி அட்டையில் எங்கோ ஒரு துளை மாறிப்போனதில் அவருக்கு லேசாக மாறுகண் விழுந்துவிட்டது. எந்தக் கடையிலும் எடுக்கவில்லை. அந்தச் சேலையை என் மாமியார் மல்லிகா கட்டிக்கொண்டார். நல்ல நாள் பெரிய நாளில் இப்போதும் கட்டுகிறார். அவர் நடந்து போகும்போது முதுகுப் பக்கமிருந்து அந்த மாறுகண் நம்மையும் பார்க்காமல், வேறு யாரையும் பார்க்காமல், ஜன்னலைப் பார்க்கும்.

இப்படிப்பட்ட வீட்டில் 'எல்லாரையும் பிடிக்கும்' என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையாக இருந்தேன். மாமனார் என்னிடம் பேசும் வார்த்தைகள் 'வாங்க', 'சாப்டுங்க' இரண்டுக்கு மேல் போகவில்லை. நானாக ஏதாவது பேச்செடுத்தால் எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்துவிடுவார்.

ஆடி பிறந்துவிட்டதால் தேன்மொழி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கலசப்பாக்கத்தில் கடையில் இருந்தேன். ஒரு நாள் அவளிடமிருந்து போன்.

"அந்த லாரி டிரைவர் படத்த கழுவி, தொடச்சி, புதுசா உடறாங்களாம். நம்ம ஊரு தியேட்டருக்கு வருது. அப்பாவுக்கு கையும் ஓடல காலும் ஓடல. சந்தவாசல்ல இருந்து கன்னியப்பன் மாமாவும் வராராம்."

கன்னியப்பன் மாமனாரின் மன்றக் காலத்து நண்பர். இருவரும் சேர்ந்து சுவரொட்டி ஒட்டியவர்கள்.

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. இந்தப் படம்தான் நான் அந்த வீட்டுக்குள் நிஜமாக நுழையப் போகும் கதவு என்று முடிவு செய்தேன். "எல்லாருக்கும் நான்தான் டிக்கெட் எடுப்பேன்" என்று சொல்லிவிட்டு, போனில் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துக் கடையிலேயே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

கதை பெரிதில்லை. வெள்ளத்தில் உடைந்துகொண்டிருக்கும் பாலத்தின் மேல், ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு அவர் அக்கரை போவார். எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, லாரி டயரில் சாய்ந்து உயிரை விடுவார். விடுவதற்கு முன் நெடுநேரம் பேசுவார். (தொழில் முறையில் சொல்கிறேன், அவ்வளவு ரத்தம் போன ஒருவர் அவ்வளவு கோர்வையாகப் பேச முடியாது.) ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அழுகை வந்தது. இருமல் மருந்து வாங்க வந்த ஓர் அம்மா என் கண்ணைப் பார்த்துவிட்டு, "மெட்ராஸ் ஐ-யா தம்பி? சொட்டு மருந்து போட்டுக்க" என்று எனக்கே வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்.

முக்கியமான தகவல் மாமியாரிடமிருந்து வந்தது.

"அந்தக் காலத்துல உங்க மாமா பண்ண அலப்பறைய கேக்காதீங்க மாப்ள. அவரு டயருல சாஞ்சி கண்ண மூடுவாரு இல்ல, அப்ப இவரு ரோஜா மாலைய எடுத்துகினு மேடைமேல ஏறி, திரையில அவரு நெஞ்சு மேல வெச்சி, கும்புட்டுட்டு எறங்குவாரு. ஓடின அத்தினி நாளும் போட்டாரு. இப்ப முட்டி வலி, எங்க ஏர்றது. போன வாரம்கூட சொல்லிகினு இருந்தாரு, இந்த தபா மாலை போட ஆளில்லன்னு."

"நீங்களும் பாப்பீங்களா அத்தை?"

"நான் எங்க பாத்தேன். வெள்ளம் வந்த ஒடனே வெளிய போய் சோடாக் கடைகிட்ட நின்னுக்குவேன். அவரு சாவறத என்னால பாக்க முடியாது. எத்தினியோ வாட்டி படத்துக்கு போனேன், ஒரு வாட்டிகூட முடிவ பாத்ததில்ல."

மாமியார் சொன்ன இரண்டாவது விஷயத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. முதலாவதிலேயே நின்றுவிட்டேன். மாலை போட ஆளில்லை. நான் இருக்கிறேனே.

படத்துக்குப் போகும் நாள் காலையில் ஆரணிக்கு வந்து இறங்கியதும் நேரே பூக்கடைக்குப் போனேன். பூக்காரர் நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டார்.

"கல்யாணமா, சாவா?"

சிக்கலான கேள்வி. சாவுதான், ஆனால் சினிமாவில். மரியாதைதான், ஆனால் துக்கம். நான் யோசித்துவிட்டு, "ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு குடுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சம்பங்கியும் ரோஜாவும் கலந்த ஒரு மாலையை எடுத்துக் கொடுத்தார். யானைக்குப் போட்டாலும் தரையைத் தொடும். அதைத் துணிப்பையில் சுருட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டேன். தேன்மொழியிடம்கூடச் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்த வேண்டாமா?

தியேட்டர் வாசலில் பெரிய சுவரொட்டி. அவர் முகம் புது வெள்ளி டம்ளர் மாதிரி பளபளத்தது. சுவரொட்டியின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு யாருக்கோ கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். 'புத்தம் புதிய' என்ற வார்த்தைகள் வரைக்கும் தெரிந்தன. அதற்குக் கீழே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. தேதி பார்க்காமல் ஒரு மாத்திரை அட்டையைக்கூட வாங்காதவன் நான். அன்று ஒரு சுவரொட்டியை முழுசாகப் படிக்கவில்லை.

உள்ளே கூட்டம் இரண்டு வகையாக இருந்தது. ஒரு பக்கம், மாமனார் வயதுக்காரர்கள். சலவைச் சட்டை, நெற்றியில் பட்டை, பையில் சளி மாத்திரை. இன்னொரு பக்கம், இளைஞர்கள். அவர் முகம் அச்சடித்த கறுப்பு டி-ஷர்ட், கையில் போன். முதல் வகையினர் படத்தைக் கும்பிட வந்திருந்தார்கள். இரண்டாம் வகையினர் கொண்டாட வந்திருந்தார்கள். நான் இரண்டு வகையிலும் சேராமல், காலடியில் ஒரு மாலையை வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

படம் ஆரம்பித்தது. அவர் லாரியிலிருந்து குதித்தார். விசில் பறந்தது. மாமனார் மட்டும் கண்ணைச் சுருக்கி முன்னால் குனிந்தார்.

"மச்சம் எங்க?"

"இன்னா மச்சம்?" என்றார் கன்னியப்பன்.

"கன்னத்துல அவருக்கு மச்சம் கீதுல்ல. காணோம் பாரு."

உண்மைதான். பழைய பிலிமில் இருந்த கீறல், புள்ளி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்தவர்கள் அவருடைய மச்சத்தையும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"மச்சம் போனா போவுது ஏகாம்பரம். மூஞ்ச பாரேன், எப்டி பளபளன்னு கீறாரு. அப்பலாம் மழ பெய்யிற மாதிரி கோடு கோடா ஓடும். ஆளையே தெரியாது."

"கோடு ஓடினாலும் அது அவரு மூஞ்சிடா. இது யாரோ அவரு தம்பி மாதிரி கீறான்."

பாட்டு வந்தது. அதே மெட்டு, ஆனால் அடியில் புதிதாக ஒரு டிரம்ஸ் ஓடியது. நாற்காலி அதிர்ந்தது. இளைஞர்கள் எழுந்து ஆடினார்கள். மாமனார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஆனால் அடுத்த பாட்டில், மழையில் அவர் தனியாக நின்று பாடும் இடத்தில், அவருடைய பெருமூச்சுகூடத் தெளிவாகக் கேட்டது. மாமனார் கையைக் காதிலிருந்து மெல்ல எடுத்தார். "இது நல்லா கீது" என்றார், யாருக்கும் கேட்காமல். எனக்குக் கேட்டது. ஐந்து நிமிடத்தில் லாரியின் நம்பர் பலகையை அகலத் திரைக்காக வெட்டிவிட்டார்கள் என்று மறுபடி கோபம் வந்துவிட்டது.

எனக்கு இது புதிதில்லை. கடையில் தினமும் பார்ப்பதுதான். கம்பெனிக்காரன் மாத்திரையின் நிறத்தை மாற்றிவிடுவான். உள்ளே அதே மருந்து, அதே அளவு. ஆனாலும், "தம்பி, எனக்கு பழைய ரோஸ் கலருதான் கேக்கும், இந்த மஞ்சள் கேக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவர்களிடம் வாதாட முடியாது. அவர்களுக்கு அந்த ரோஸ் கலரும் சேர்ந்துதான் மருந்து.

இடைவேளை முடிந்தது. பாலத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. மாமியார் வழக்கம்போல எழுந்தார். ஆனால் வரிசையின் ஓரத்தில் நான், என் காலடியில் மாலைப் பை. முன் வரிசையில் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்த டி-ஷர்ட்டுகள். வெளியே போக வழி இல்லை. "செத்த குந்தும்மா, என் கைய புடிச்சிக்கோ" என்று தேன்மொழி அவரை உட்காரவைத்தாள். அவர் அன்றும் கட்டியிருந்த அந்தச் சேலையின் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். இருட்டில் அந்த மாறுகண் என்னைப் பார்த்தது.

அவர் கடைசிப் பிள்ளையை இறக்கினார். டயரில் சாய்ந்தார். பேசினார். கண்ணை மூடினார். தியேட்டரே அமைதியானது. மாமனார் கை கூப்பியிருந்தார். கன்னத்தில் ஈரம்.

இதுதான் நேரம் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

திரைக்கு முன்னால் இடுப்பளவு மேடை. ஓரத்தில் படி. ஏறிவிட்டேன். ஏறிய பிறகுதான் ஒன்று தெரிந்தது. திரைக்குப் பக்கத்தில் நின்றால் படம் தெரியாது. பிரம்மாண்டமான நிறத் திட்டுகள்தான் தெரியும். எது மூக்கு, எது டயர் என்று கண்டுபிடிக்க முடியாது. திரும்பினால் புரொஜெக்டர் வெளிச்சம் கண்ணில் குத்துகிறது. குத்துமதிப்பாக நெஞ்சு இருக்கும் என்று நினைத்த இடத்துக்கு மாலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

அந்த நேரத்தில் எனக்குப் பின்னால், சரியாகச் சொன்னால் எனக்கு முன்னால், திரையில், அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

ஆமாம். புத்தம் புதிய உச்சக்கட்டம். சுவரொட்டியில் கண்ணீர் அஞ்சலிக்கு அடியில் இருந்த வரி அதுதான். கம்ப்யூட்டரில் செய்து அவரைப் பிழைக்க வைத்திருந்தார்கள். கண்ணைத் திறந்து, கொஞ்சம் அதிகப்படியான பற்களோடு சிரித்து, எழுந்து நின்று, சட்டையைத் தட்டிவிட்டு, கதாநாயகியை நோக்கி நடந்தார்.

அரங்கம் அதிர்ந்தது. இளைஞர்கள் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். பழைய ஆட்கள் "அட, இன்னாடா இது" என்று அலறினார்கள். எனக்கு இவை எதுவும் புரியவில்லை. எல்லாச் சத்தமும் எனக்காக என்று நினைத்தேன். மாமனாரின் பழைய மாலையை இன்று மருமகன் போடுகிறான் என்று ஊரே நெகிழ்ந்து ஆர்ப்பரிக்கிறது என்று நம்பினேன். உணர்ச்சி பொங்கிவிட்டது. தொண்டையைத் திறந்து, "எங்கள விட்டுட்டு போயிட்டியே தெய்வமே" என்று அழுதேன். (மாமனார் அந்தக் காலத்தில் அழுததாக யாரும் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு.)

திரையில் அவர் கைவீசிக்கொண்டு நடந்து போகிறார். நான் மாலையோடு ஒப்பாரி வைக்கிறேன். அடுத்த காட்சி மாறி, கதாநாயகியின் முகம் திரை முழுக்க வந்தது. என் மாலை மிகச் சரியாக அந்த அம்மாவின் கழுத்தில் இருந்தது. அந்த அம்மா வெட்கப்பட்டுத் தலை குனிந்தார்.

விசில் சத்தத்தில் காது அடைத்தது. "பொண்ணு ஒத்துக்கிச்சி மச்சான், தாலிய எடு" என்று யாரோ கத்தினார்கள்.

அப்போதுதான் விளக்கைப் போட்டார்கள். படம் நின்றது. வெள்ளைத் திரைக்கு முன்னால், யானை மாலையைத் தூக்கிப் பிடித்தபடி, மூக்கு ஒழுக நான் நின்றிருந்தேன்.

டி-ஷர்ட் போட்டவர்களில் தாடி வைத்த ஒருவர் மேடை ஓரம் வரை வந்துவிட்டார்.

"யோவ், உசுரோட கீற மனுசனுக்கு மாலை போடறியே, உனக்கு அறிவு கீதா? எவ்ளோ ஆசையா பாத்துகினு கீறோம். அவரு பொழச்சதுல உனக்கு இன்னாய்யா கஷ்டம்?"

நான் பதில் தேடுவதற்குள் இன்னொரு பக்கத்திலிருந்து பட்டை போட்ட பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"தம்பி செஞ்சதுதான் கரெக்ட். அவரு செத்துட்டாரு. இவனுங்க கம்ப்யூட்டர வெச்சி ஏமாத்தறானுங்க. ஒரே ஆளு துணிஞ்சி மேல ஏறி, மாலை போட்டு எதிர்ப்ப காட்டினான். அவன தொட்டா நடக்கறது வேற."

இப்படியாக, நடந்தது என்ன என்றே தெரியாத நான் ஒரு போராட்டத்தின் தலைவனாகிவிட்டேன். "செத்தாரு" என்று ஒரு கூட்டமும், "பொழச்சாரு" என்று ஒரு கூட்டமும் மேடைக்கு இரண்டு பக்கமும் கூடிவிட்டன. கன்னியப்பன் பொழச்சாரு பக்கம் நின்றார். மேனேஜர் ஓடிவந்து, "அண்ணே, பேஜார் பண்ணாதீங்க, அடுத்த ஷோ கீது, ஜல்தியா எறங்குங்க" என்று என்னைக் கெஞ்சினார். இறங்கலாம். எந்தப் பக்கம் இறங்குவது என்பதுதான் கேள்வி. படியில் தாடிக்காரர் நின்றிருந்தார்.

மாமனார் எழுந்து வருவது தெரிந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசை நாற்காலியையும் பிடித்துக்கொண்டு வந்தார். பழைய ரசிகர்கள் வழி விட்டார்கள். அவர் 'செத்தாரு' பக்கம்தான் பேசுவார் என்று எல்லாருக்கும் தெரியும். மச்சத்துக்கே அப்படிக் கொதித்தவர். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. மாமா இப்போது என் தோளில் கை போடுவார் என்று காத்திருந்தேன்.

அவர் மேடைக்கு வந்து, வாயைத் திறக்கப் போனார். அப்போது எங்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தமான குரல் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பெண் குரல் அது ஒன்றுதான் என்பதால் எல்லாரும் திரும்பினார்கள். மாமியார் நின்றுகொண்டிருந்தார். முந்தானை முகத்திலிருந்து இறங்கியிருந்தது. கண் சிவந்திருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"மீதிய போட சொல்லுங்க. அவரு வூட்டுக்கு போய் சேர்றத நான் பாக்கணும்."

மாமனார் திறந்த வாயை மூடிக்கொண்டார். மனைவியைப் பார்த்தார். படம் ஓடிய அத்தனை நாளும் இவர் மேடையில் மாலை போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி வெளியே சோடாக் கடை ஓரம் தனியாக நின்றிருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நான் இப்படி நினைக்கிறேன். அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"இந்தா பாருங்க. எனக்கு அவரு போயிட்டாரு. நான் போட்ட மாலை போட்டதுதான், அத எந்த கம்ப்யூட்டராலயும் எடுக்க முடியாது. ஆனா என் வூட்டுக்காரி இன்னிக்குத்தான் மொத தபா முடிவ பாக்கறா. அவளுக்கு அவரு பொழச்சிக்கட்டும். ரெண்டும் இருந்துட்டு போவுது, இன்னா இப்ப?"

செத்தாரு பக்கம் கொஞ்சம் முணுமுணுத்தது. தாடிக்காரர் தலையைச் சொறிந்தார்.

"பெரியவரே, பழைய முடிவ நாங்க தியேட்டர்ல பாத்ததே இல்ல. அதையும் ஒரு தபா போட்டா பாப்போம்."

"மேனேஜர கேளு," என்றார் மாமனார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, மாலைய கீழ வெச்சிட்டு எறங்குங்க. கை வலிக்கப் போவுது."

அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம்.

மீதிப் படம் ஓடியது. அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அம்மா கையால் சோறு சாப்பிட்டார். கம்ப்யூட்டர் செய்த கை என்பதால் விரல்கள் கொஞ்சம் அதிகமாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது. நான் சொல்லவில்லை. மாமியார் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கவளத்துக்கும் தலையாட்டினார். மாமனார் திரையைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இந்தப் பக்கம் தேன்மொழி. அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"கல்யாணம் ஆயி மஞ்சக் கயிறு நெறம் மாறல. அதுக்குள்ள ஊரு பாக்க இன்னொருத்திக்கு மாலை போட்டாச்சி."

"நான் அவருக்குத்தான் போட்டேன்."

"அவரு நடந்து போயிட்டாரு. நீங்க அவகிட்டதான் நின்னுகினு இருந்தீங்க. அவளும் வெக்கப்பட்டா. பாத்தேன்."

வெளியே டீக்கடையில் மாமனாரும் கன்னியப்பனும் மச்சத்தைப் பற்றிச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். நான் ஓரமாக நின்றேன். மாமனார் எனக்கும் ஒரு டம்ளரை எடுத்து நீட்டிவிட்டுக் கேட்டார்.

"நீங்க சொல்லுங்க மாப்ள. அந்த மச்சம் இல்லாம அது அவரா?"

எல்லாரையும் பிடிக்கும் என்று சொன்ன வாய்க்கு இன்னொரு வாய்ப்பு. இந்தத் தடவை நான் பட்டும் படாமல் பேசவில்லை.

"மச்சம் இருக்கணும் மாமா. ஆனா அந்த மழைப் பாட்டுல பெருமூச்சு கேட்டுது பாருங்க, அது பழைய பிரிண்டுல இல்ல. போன்ல பல தடவ பாத்தேன். அது புதுசுலதான் கீது."

மாமனார் டீயை உறிஞ்சாமல் என்னைப் பார்த்தார். "போன்லயா? எப்ப?" என்றார். சொன்னேன். கடையில் அழுதது, இருமல் மருந்து அம்மா, கண் சொட்டு மருந்து, பூக்காரரின் கேள்வி எல்லாவற்றையும் சொன்னேன். 'ரெண்டுக்கும் பொதுவா' என்ற இடத்தில் கன்னியப்பனுக்குப் புரையேறிவிட்டது. மாமனார் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் அவர் டம்ளர் ஆடியது. கடைசியில், "அழுதீங்களே, அது மட்டும் நல்லா இருந்துச்சி. நான்கூட அப்டி அழுததில்ல" என்றார். அந்த டீக்கு மேல் இன்னொரு டீ சொன்னார். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றதில்லை. இப்போது நிறுத்தச் சொன்னாலும் அவர் நிறுத்துவதில்லை.

பழைய முடிவோடு ஒரு காட்சி போடச் சொல்லித் தாடிக்காரரும் மாமனாரும் சேர்ந்தே மேனேஜரிடம் போய் நின்றார்கள். கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தாடிக்காரர் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்கே வந்து, சுவரில் வேட்டியைக் கட்டிப் பழைய படத்தைப் போட்டுப் பார்த்தது. அவர் கண்ணை மூடியபோது அத்தனை பேரும் எழுந்து நின்றார்களாம். மாமியார் அடுப்படிக்குப் போய்விட்டாராம்.

எனக்கு ஆனதைச் சொல்கிறேன். அன்று தியேட்டரில் போன் வைத்திருந்த அத்தனை பேரும் என்னைப் படம் பிடித்திருந்தார்கள். அது பெரணமல்லூர் வரைக்கும் போய்த் திரும்பியது. காய்ச்சல் மாத்திரை கேட்டு வருகிறவர்கள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க அந்த மாலைக்காரரு தான?" என்கிறார்கள். சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், மேடையில் என் கைக்கு மாலை வரும்போது யாராவது ஒருவர் தடுத்து, "இருங்க இருங்க, ஆளு உசுரோட கீறாரா, இது பொண்ணா மாப்ளயா, மொதல்ல பாத்துக்கோங்க" என்பார். பிற்பாடு பிறந்த என் மகளுக்கே இந்தக் கதை என்னைவிட நன்றாகச் சொல்லத் தெரியும். ஒப்பாரியை அவள் ராகத்தோடு செய்வாள்.

போன வருடம் மாமனாருக்கு நெஞ்சு வலி வந்தது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தக் குழாயில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். நான் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். தொழில்தான் மருந்து, ஆனால் சொந்த மனிதர் என்றால் ஒரு மருந்தின் பெயரும் நினைவுக்கு வருவதில்லை.

உள்ளே விட்டார்கள். கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கத்தில் மாமியார், கையில் கஞ்சி டம்ளர். நான் கட்டில் ஓரம் போய் நின்றதும் மாமனார் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் பார்த்தார்.

"வெறுங்கையோடதான வந்தீங்க?"

"ஆமாங்க மாமா."

"அப்ப சரி."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "என்னையும் கொஞ்சம் கழுவி, தொடச்சி, உள்ள எதையோ சேத்து ரிலீஸ் பண்ணிட்டாங்க மாப்ள" என்றார். "டாக்டருங்க நல்லாதான் செஞ்சிக்கீறாங்க. இருந்தாலும் ஒரிஜினல் மாதிரி வராது."

மாமியார் கஞ்சியை ஆற்றிக்கொண்டே அவர் பக்கம் குனிந்தார்.

"வராட்டி போவுது. எனக்கு இதுவே போதும். வாய தெறங்க."